மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, நடுவில் மனிதன்: ஒளிப்படக் கேள்வி–பதில்

மனிதனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைக் கலை ஒளிப்படமாக எடுப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து. அதனால் இந்த இதழை அப்படியே பழைய வட ஆற்காட்டுக்கு விட்டுவிட்டோம்.

கே: மூன்று வருடமாக மலை, வயல், ஆறு என்று எடுத்துவருகிறேன். மனைவியைச் சிவப்புப் புடவையில் பாறைமேல் நிற்கவைத்தும் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் ‘காலண்டர் மாதிரி இருக்கு’ என்கிறார்கள். பாராட்டா, கிண்டலா? கலைப்படத்துக்கு இதில் என்ன குறை?
– வாசகர், குடியாத்தம்

ப: கிண்டல்தான். காலண்டர் படத்தில் மலை ஒரு பக்கம் அழகாக இருக்கும், ஆள் ஒரு பக்கம் அழகாக இருப்பார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அந்தப் பாறைமேல் உங்கள் மனைவிக்குப் பதில் ஒரு குடையை விரித்து வைத்தாலும் படம் பெரிதாக மாறாது என்றால், குறை அங்கேதான்.

வேலூருக்கென்றே ஒரு சொலவடை உண்டு: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை. கிண்டலுக்குச் சொன்னதானாலும் ஒளிப்படக்காரருக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. இந்தப் பக்கத்தில் கைபடாத இயற்கையைத் தேடிப்போய் எடுப்பது பாதிப் பொய். கை பட்ட இடத்தை எடுங்கள். உருண்டைப் பாறையில் வரிசையாக ஆப்புத் துளை அடித்து, பிளக்காமல் விட்டுப்போன இடம். பாலாற்று மணலில் தோண்டிய ஊற்று, அதன் ஓரத்தில் குடம் வைத்து வைத்து அழுந்திய வட்டம். கிணற்றுக் கல்லைக் கயிறு அறுத்த தடம். ஆளே இல்லாமல் ஆளைக் காட்டும் படங்கள் இவை. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஆனா மெந்தியெத்தா 1973 முதல் 1980 வரை எடுத்த வரிசையில் பல படங்கள் இந்த வகைதான். மண்ணிலும் புல்லிலும் சேற்றிலும் தன் உடம்பின் உருவத்தைப் பதித்துவிட்டு, ஆள் இல்லாத அந்தப் பள்ளத்தைப் படமாக்கினார்.

ஆள் வேண்டும் என்றால் அளவைக் கணக்குப் போட்டு நிறுத்துங்கள். ஐந்தரை அடி ஆள், படுக்கைவாட்டுப் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்கு அவர் சுமார் 33 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 35 மி.மீ.க்கு 49 மீட்டர், 85 மி.மீ.க்கு 119 மீட்டர். 12 அங்குல உயரத்துக்கு அச்சடித்தால் ஆள் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருப்பார். அதைவிடச் சிறிதானால் தூசி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைப்பார்கள். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முகமும் உடையும் பேச ஆரம்பித்து, மலை வெறும் திரைச்சீலை ஆகிவிடும்.

ஆளின் அளவு மாறாமல் லென்ஸை மட்டும் மாற்றி, அதற்கேற்பத் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். 85-இல் பின்னாலிருக்கும் தூரத்து மலை, 24-இல் தெரிந்ததைப்போல் மூன்றரை மடங்கு எழும்பி நிற்கும். மலை ஆளை அமுக்குகிறதா, ஆள் வெட்டவெளியில் தனித்து நிற்கிறாரா என்பதை லென்ஸ்தான் முடிவு செய்கிறது. ஆளின் முகபாவம் அல்ல. இந்த ஒரு பயிற்சியை ஒரே பாறையில் நாலு காலையில் செய்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: அடிவானக் கோடு ஆளின் கழுத்தில் விழக்கூடாது, கேமராவை ஒரு முழம் ஏற்றினாலோ இறக்கினாலோ விலகிவிடும். கைகள் உடம்போடு ஒட்டினால் தூரத்தில் ஆள் கம்பமாகத் தெரிவார். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியட்டும். வெள்ளை வேட்டி வெயிலில் வெளுத்துப்போகும், அரை முதல் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள். சிவப்புப் புடவைக்கு ஓய்வு கொடுங்கள். வெளுத்த நீலமும் காவியும் இந்தப் பாறைகளோடு சண்டை போடாது.

கே: எங்கள் ஏரியை ஒரு வருடம் முழுக்க ஒரே இடத்திலிருந்து எடுத்து வரிசையாக வைக்க ஆசை. நான்கு மாதப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கரைப் பனைமரம் இங்கும் அங்கும் குதிக்கிறது. ஜி.பி.எஸ். குறித்துக்கொண்டுதான் போகிறேன்.
– வாசகர், காவேரிப்பாக்கம்

ப: போன் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர்வரை பிசகும். உங்களுக்குத் தேவை ஓரங்குலத் துல்லியம். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் பனைக்கு, நீங்கள் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாலே போதும். 35 மி.மீ. லென்ஸில் எடுத்து 18 அங்குல அகலத்துக்கு அச்சடித்தால், பின்னாலுள்ள எதிர்க்கரையை வைத்துப் பார்க்க மரம் அரை அங்குலம் தள்ளிப்போயிருக்கும்.

பழைய சர்வேக்காரர் வழிதான் சரி. இடப் பக்கம் ஒரு ஜோடி, வலப் பக்கம் ஒரு ஜோடி பிடியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் கிட்டத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று. உதாரணமாக இடப் பக்கம் மதகுத் தூணின் விளிம்பும் எதிர்க்கரைக் கோயில் கோபுரத்தின் நுனியும் ஒரே கோட்டில். வலப் பக்கம் கரைக்கல்லும் தூரத்து மின்கம்பமும் ஒரே கோட்டில். இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் சேர்ந்து நிற்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான். அந்த இடத்தில் கல்லில் ஒரு குறி போட்டு, கேமராவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு உயரத்தைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் படத்தின் அச்சைக் கையோடு கொண்டுபோய் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜூம் லென்ஸ் என்றால் வளையத்தை டேப் ஒட்டி நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸ் ‘டேலைட்’டில் நிலையாக இருக்கட்டும், ஆட்டோவில் விட்டால் மாசி மாதத்து வறட்சியும் ஐப்பசி மழையும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். நீங்கள் காட்ட நினைப்பதே அந்த நிறமாற்றத்தைத்தானே.

நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள். ஓராண்டில் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 டிகிரி, தெற்கே 24 டிகிரி நகர்கிறது. உங்கள் 35 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலமே 54 டிகிரிதான். வெயில் வரும் திசையை உங்களால் நிறுத்த முடியாது, உயரத்தை நிறுத்தலாம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் அடிவானத்துக்கு ஒரு முஷ்டி மேலே வரும்போது எடுங்கள். அப்போது நிழல் பொருளின் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்கு நீளும், காய்ந்த வண்டலின் வெடிப்பெல்லாம் கோடு கோடாக எழும். நம் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் அந்த வெளிச்சம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தங்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை பத்து நாளைக்கு ஒருமுறை போங்கள், மற்றபடி மாதம் ஒருமுறை போதும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாள், மீன் பிடிக்க வலை இழுக்கும் நாள், வண்டல் அள்ளும் நாள் மூன்றையும் தவறவிடாதீர்கள். படச் சட்டத்துக்குள் யார் வருகிறார்களோ அவர்கள் அப்படியே இருக்கட்டும். ஒருவரை நிறுத்திவைத்தீர்கள் என்றால் வரிசை முழுவதும் நாடகமாகிவிடும்.

கே: பாலாற்றில் தண்ணீர் வந்த சமயம். தண்ணீர் பட்டுபோலவும் நடுவில் நிற்கும் ஆள் கூர்மையாகவும் வேண்டும் என்று வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டேன். தண்ணீர் கூழ் மாதிரி, ஆள் பேய் மாதிரி வந்துவிட்டது.
– வாசகர், வாலாஜாபேட்டை

ப: மேகமூட்டமான காலையில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11-இல் ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு: 34 நொடி. ஓடும் தண்ணீரில் 34 நொடி அசையாமல் நிற்கச் சிலையால்தான் முடியும். ஆறு ஸ்டாப் 64 மடங்கு, 2 நொடி. மூன்று ஸ்டாப் 8 மடங்கு, கால் நொடி. உங்களுக்கு வேண்டியது கால் நொடிக்கும் ஒரு நொடிக்கும் நடுவே.

கூழ் ஆனதற்குக் காரணம் வேறு. பட்டு நூல் போன்ற கோடுகள் வெள்ளை நுரையால் விழுபவை. பாலாற்று வெள்ளம் செம்மண் நிறம். நுரையில்லாத இடத்தில் ஷட்டரை நீட்டினால் ஒரே பழுப்புப் பூச்சு. கற்களில் மோதித் திரும்பும் இடம், தடுப்பணைக்குக் கீழே முதல் இருபதடி, பாலத் தூணின் பின்பக்கம் ஆகிய இடங்களில் அரை நொடி வைத்துப் பாருங்கள்.

ஆள் அசையாமலிருக்கக் கையில் ஒரு கழி கொடுத்து ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிற்கட்டும். வேட்டி நுனியைச் செருகிவிடுங்கள். பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும். அதுவும் போதாதென்றால் ட்ரைபாடை அசைக்காமல் ஃபில்டரோடு ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏற்றி வேகமான ஷட்டரில் இன்னொரு படம் எடுத்து, ஆளை மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டலாம். கலைப்படத்தில் இதற்குத் தடையில்லை. அதே படத்தைச் செய்திப்படம் என்று பத்திரிகைக்கு அனுப்பினால் மோசடி.

ட்ரைபாடின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பெயின்ட் டப்பா மூடி வையுங்கள், மணலில் புதையாது. நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கீழ்க்கணுவை முழுவதும் நீட்டிவிட்டால் பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் புகாது. மலிவான ஃபில்டர்களில் செம்பழுப்புச் சாயல் வரும். ஃபில்டர் போட்டபிறகு சாம்பல் அட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

கடைசியாக, படத்தைவிடப் பெரிய விஷயம். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. முழங்கால் ஆழம் என்று இறங்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளி ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். கோடையில் அதே இடத்தில் நடந்து பார்த்து வைத்திருந்தாலொழிய யாரையும் இறக்காதீர்கள். 2021 நவம்பர் மாதிரி ஆறு கரைபுரளும்போது பாலத்தின் மேலிருந்து எடுப்பதோடு சரி.

கே: அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். பிள்ளைகளிடம் கேமரா கிடையாது. ஆனால் மரம், செடி, தங்கள் கை கால் எல்லாம் வைத்து ஒளிப்படம் மாதிரி ஏதாவது செய்யவைக்க வேண்டும். வழி உண்டா?
– ஆசிரியை, ஆம்பூர்

ப: உண்டு. பெயர் சயனோடைப், வெயிலில் பதியும் நீல அச்சு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளில் கிடத்தி வெயிலில் காட்டிப் புத்தகமாகவே கொண்டுவரத் தொடங்கிவிட்டார். கேமராவும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். ஆம்பூர் வெயில் ஒன்றுக்காவது உதவட்டும்.

இரண்டு பழுப்பு பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை வகை, 25 கிராம்; 100 மில்லி வரும்வரை தண்ணீர். இரண்டாவதில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். இதற்கும் 100 மில்லி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. தனித்தனியாக இருக்கும்வரை மாதக்கணக்கில் கெடாது. முதல் பாட்டிலில் பூஞ்சை கட்டினால் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். பயன்படுத்தும் அன்றைக்குச் சம அளவு கலக்குங்கள். ஏ4 தாளுக்கு இது 2 மில்லி, அது 2 மில்லி. மருந்துக்கடை சிரிஞ்சில் ஊசி இல்லாமல் உறிஞ்சினால் அளவு பிசகாது. இந்தக் கணக்கில் ஐம்பது தாள் வரும்.

கலப்பதும் பூசுவதும் உங்கள் வேலை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலை அடுக்குவதும் வெயிலில் வைப்பதும் பிள்ளைகள் வேலை. ஒரு எச்சரிக்கை: பாத்ரூம் கழுவும் ஆசிட் மாதிரி வீரியமான அமிலம் இரண்டாவது பாட்டிலின் பக்கமே வரக்கூடாது, அதைச் சூடாக்கவும் கூடாது. நச்சு வாயு வரும். சமையல் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம்.

தாள் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள். பூசுவதற்கு ஸ்பாஞ்ச் பிரஷ். இரும்புப் பட்டி உள்ள பிரஷ்ஷில் துரு இறங்கி நீலப் புள்ளி விழும். ஜன்னலைச் சாத்தி ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு வெளிச்சத்தில் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை இழுங்கள். இருட்டு அலமாரியில் ஒரு மணி நேரமாவது காயட்டும். காய்ந்த தாள் எலுமிச்சை மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த நிறத்தில் இருக்க வேண்டும். நீலமோ சாம்பலோ தட்டினால் வெளிச்சமோ ஈரமோ பட்டுவிட்டது என்று பொருள். மழை மாதங்களில் பூசிய அன்றே முடித்துவிடுங்கள்.

இலையைப் பச்சையாக வைத்தால் கண்ணாடிக்கடியில் வியர்த்து ஈரக்கறை போடும். பழைய செய்தித்தாளில் இரண்டு நாள் அழுத்தி வையுங்கள். ஆலிலை தடிமன், வெறும் உருவம்தான் விழும். அரசிலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சதை கழிந்த நரம்புவலையாக வைத்தால் நரம்பு ஒவ்வொன்றும் பதியும். ஆவாரங்கொத்தின் சிற்றிலைகள் வரிசை வரிசையாக அழகாக விழும். மேலே சாதாரணக் கண்ணாடி வைத்து அழுத்துங்கள். கூலிங் கண்ணாடி, கார்க் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுக்கும், உதவாது.

கையை வைக்கும்போது தாளுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் கட்டாயம். ரசாயனம் கையில் படாது, வியர்வை தாளில் படாது. கையைத் தாளோடு அழுத்தினால் விளிம்பு கத்திபோல் விழும். 10 செ.மீ. உயர்த்திப் பிடித்தால், சூரிய வட்டம் அரை டிகிரி அகலம் என்பதால் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மங்கும். அதோடு 12 நிமிடத்தில் சூரியன் 3 டிகிரி நகர்ந்து நிழலை அரை செ.மீ. தள்ளிவிடும். அந்த மங்கலும் வேண்டியதுதான்: இலை கூர்மையாக, கை கரைவதுபோல ஒரே தாளில் வரும். மனிதன் அசைகிறான், செடி அசைவதில்லை என்பதைத் தாளே எழுதிவிடுகிறது.

காலை ஒன்பது மணி வெயிலில் முதலில் ஒரு துண்டுத் தாளில் 4, 6, 8, 10, 12 நிமிடம் என்று சோதித்துப் பாருங்கள். பச்சை, நீலப்பச்சை என்று மாறி, நிழல் விழாத இடம் வெண்கலச் சாம்பலாகும்போது நிறுத்த வேண்டும். ‘கெட்டுப்போச்சு’ என்று பிள்ளைகள் கத்துவதும் அந்தக் கட்டத்தில்தான். தண்ணீரில் கவிழ்த்துப் போட்டதும் நீலம் வரும். மூன்று தண்ணீர் மாற்றி மொத்தம் பத்து நிமிடம், வெள்ளைப் பகுதியில் மஞ்சள் போகும்வரை. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடியை ஒரு லிட்டரில் கலந்து முக்கினால் நொடியில் ஆழ்ந்த நீலம். இல்லாவிட்டாலும் மறுநாளைக்குள் தானாகவே வந்துவிடும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு கூடுதல் வேலை சொல்கிறோம். தோல் பதனிடக் குரோமிய உப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோலெல்லாம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதமானது. அதே கடுக்காய் நீலப் படத்தைக் கருப்பாக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் கடுக்காய்த்தூளை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி ஆறவையுங்கள். இன்னொரு தட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் சலவை சோடா. கழுவி முடித்த படத்தைச் சோடாவில் நீலம் வெளிறும்வரை, ஏறக்குறைய அரை நிமிடம் முக்கி, நன்றாக அலசி, கடுக்காய்த் தண்ணீரில் அரை மணி நேரம் விடுங்கள். சோடா நீலத்தைக் கலைத்து இரும்பை மட்டும் தாளில் விடுகிறது. கடுக்காயின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக் கருப்பாகிறது. அந்தக் காலத்து எழுத்து மையும் இதே சரக்குதான். பட்டைத்தோலில் இரும்பு பட்டால் கருப்புக் கறை விழும் என்று தோல் பதனிடுவோர் பயப்படுவார்கள். அவர்களுக்குக் கறை, நமக்குப் படம். வெள்ளைப் பகுதி கொஞ்சம் மஞ்சள் பூக்கும், அதைத் தடுக்க முடியாது.

கே: சயனோடைப் செய்கிறேன். வெயிலில் நன்றாக வருகிறது, கழுவினால் நீலம் ஓடிவிடுகிறது. மிஞ்சியதும் இரண்டு வாரத்தில் மஞ்சளடித்துவிட்டது.
– வாசகர், ஆற்காடு

ப: இரண்டு வியாதி கலந்திருக்கிறது. முதல் நிமிடத்திலேயே நீலம் கொட்டினால் வெயில் போதவில்லை, அல்லது தாள் மருந்தை உள்ளே இழுக்கவில்லை. நேரத்தைக் கூட்டுங்கள், பூசியபின் ஊறவிடுங்கள். மெல்ல மெல்ல வெளிறி மஞ்சளாவது தண்ணீரின் வேலை. உங்கள் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிற போர் தண்ணீர்தானே? காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்தைக் கலைத்துத் துருநிறமாக்கிவிடும். முதல் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் லெமன் சால்ட், மளிகைக்கடையில் கிடைப்பதுதான், போடுங்கள். கடைசித் தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். அரை மணி நேரம் ஊறவைப்பது சுத்தம் அல்ல, நாசம்.

பிறகும் மஞ்சளடித்தால் தாளைச் சந்தேகியுங்கள். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று விற்கும் பல தாள்களில் சுண்ணாம்புச் சத்து கலந்திருப்பார்கள்; பென்சில் ஓவியத்துக்கு நல்லது, இதற்கு ஆகாது. சட்டம் போட்டு மாட்டுவதிலும் கவனம்: வெயில் விழும் சுவரில் மாட்டினால் நீலம் வெளிறும். அது மட்டும் திரும்பி வரும் நோய். சில நாள் இருட்டில் வைத்தால் நீலம் மீண்டுவிடும்.

கே: தோல் கழிவு ஓடையின் மஞ்சளும் பச்சையும் படத்தில் அவ்வளவு அழகாக விழுகின்றன. அழகாக இருப்பதே கூச்சமாக இருக்கிறது. இதைக் கலை என்று சுவரில் மாட்டலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

ப: மாட்டலாம். மனிதன் மாற்றிப்போட்ட நிலம் என்பதையே தலைப்பில் வைத்து 1975-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் நடந்த கண்காட்சிதான் இந்த வகைக்கு வாசல் திறந்தது. கார் நிறுத்தம், புதுக் குடியிருப்பு, தொழிற்கூடச் சுவர் எல்லாம் உணர்ச்சி கொட்டாமல் நேருக்கு நேராக எடுத்த படங்கள். அந்த அடக்கம்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. சாச்சுரேஷனை ஒரு புள்ளிகூட ஏற்றாதீர்கள். நிறத்தைக் கூட்டினால் அது உங்கள் ரசனை. கூட்டாமல் விட்டால் அது ஓடையின் வாக்குமூலம்.

நிறத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தோலைப் பதனிடும் குரோமியம் நீலப்பச்சை. அந்தத் தோலுக்குத் தொழிலில் ‘வெட் ப்ளூ’ என்றே பெயர். மஞ்சள் அதிலிருந்து வேறு: குரோமேட் வகை, புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஆனால் மஞ்சள் தேங்கிய இடத்தில் கால் வைக்காதீர்கள், மண்ணைக் கையில் அள்ளாதீர்கள், ட்ரைபாட் காலைத் துடைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே ஆளை நிறுத்திப் படம் எடுக்கவே கூடாது. உறவைக் காட்டுகிறோம் என்று ஒருவர் காலைப் புண்ணாக்குவதில் கலை இல்லை. ஆள் அளவு வேண்டுமென்றால் ஏற்கெனவே அங்கே கிடக்கும் ஒற்றைச் செருப்பு, வேலி, பைப் மூடி எதுவாவது போதும்.

படத்துக்குக் கீழே ஊர், மாதம், ஆண்டு, எது என்பதை எழுதுங்கள். ‘மௌனத்தின் நிறம்’ மாதிரித் தலைப்பு வேண்டாம். பாலாற்றுப் படுகைத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் அறிவித்தது. இந்த ஒரு வரி பக்கத்தில் இருந்தால் பார்ப்பவர் நிறத்தை மட்டும் ரசித்துவிட்டு நகர மாட்டார்.

வேலை செய்பவர்களை எடுக்கும்போது முதலில் பேசுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். முகம் தெரிந்தால், கண்காட்சிக்கும் விற்பனைக்கும் என்று தெளிவாகச் சொல்லித் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றவர் கையெழுத்து. ‘ஒரு காப்பி தரேன்’ என்று சொன்னால் அந்த மாதமே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கே: போனில் எடுத்ததைப் பெரிதாக அச்சடிக்க முடியுமா?
– வாசகி, திருப்பத்தூர்

ப: 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளி. அங்குலத்துக்கு 240 புள்ளி வைத்தால் 16-க்கு 12 அங்குலம் தாராளமாக வரும். 1எக்ஸ் லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், ஜூம் வேண்டாம். ப்ரோ மோடில் ரா கோப்பாக, அதாவது போன் திருத்தாத கோப்பாக, எடுங்கள். தானியங்கிப் படத்தில் போன் இலை விளிம்புகளைக் கூர்தீட்டி வெள்ளைக்கோடு போட்டுவிடும். திரையில் பளிச்சென்று இருக்கும், அச்சில் கத்தரித்து ஒட்டினதுபோல் தெரியும்.

கே: ஐந்து படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டேன். ஒரு வருடத்தில் தாள் அலை அலையாக வளைந்து, ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அச்சும் திரையில் பார்த்ததைவிட இருட்டு.
– வாசகர், சத்துவாச்சாரி

ப: இருட்டுக்குக் காரணம் அச்சகம் அல்ல, உங்கள் திரை. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் எதுவும் பிரகாசமாகத்தான் தெரியும். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவுக்குக் குறையுங்கள். கருவி இல்லாவிட்டால், வெள்ளைத்தாள் ஒன்றை விளக்கடியில் பிடித்து, திரையின் வெள்ளையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை இறக்குங்கள். பெரிதாகப் போடுமுன் படத்தின் இருண்ட மூலையிலிருந்து ஒரு 5-க்கு 7 துண்டு மட்டும் அச்சடித்துப் பாருங்கள். பளபளப்பில்லாத 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளில் கருப்பு ஆழமாக விழாது. பாறை இடுக்கு, மர நிழல் எல்லாம் ஒரே அப்பலாகிவிடும். நிழல் விவரம்தான் உயிர் என்றால் கருப்பை ஆழமாகக் காட்டும் பூச்சுள்ள பாரைட்டா தாள் கேளுங்கள். மை பிக்மென்ட் மையா, டை மையா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்; டை மை சீக்கிரம் வெளிறும்.

அலை அடிப்பது நாலு பக்கமும் டேப் ஒட்டியதால். மழையில் தாள் விரியும், கோடையில் சுருங்கும்; நகர இடமில்லாவிட்டால் புடைக்கும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள், அல்லது நான்கு மூலைக்கும் போட்டோ கார்னர். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி கட்டாயம், மவுன்ட் போர்டு வைத்தால் அதுவே இடைவெளி. பின்னால் பிளைவுட்டை நேரடியாக வைக்காதீர்கள், அதன் அமிலம் தாளை மஞ்சளாக்கும். நடுவே ஆசிட் ஃப்ரீ அட்டை வேண்டும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது. மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மறுபடி அச்சடிப்பதுதான் வழி.

கே: கோட்டையிலும் ஜவ்வாது மலையிலும் ட்ரைபாட் வைத்து, ஆளை நிறுத்திப் படம் எடுக்கலாமா? காட்டில் கலர் புகைக்குண்டு போட்டு எடுக்கவும் யோசனை.
– வாசகர், வேலூர்

ப: கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை. ட்ரைபாட், விளக்கு, மாடல் என்று போனால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மலையில் காப்புக்காடு என்ற பலகையைத் தாண்டினால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் பேசும். மாவட்ட வன அலுவலகத்தில் இடம், தேதி, ஆள் எண்ணிக்கை போட்டு மனு கொடுங்கள். காவலூர் வானாய்வகத்தின் பக்கம் இரவில் டார்ச் அடித்து ஒளி ஓவியம் வரைய வேண்டாம், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருட்டை நம்பித்தான் வேலை செய்கிறது.

புகைக்குண்டு கூடவே கூடாது. பிப்ரவரி முதல் மே வரை அந்தச் சரிவுகளில் புல் சருகாக நிற்கும். குண்டின் அடிப்பாகம் கையால் தொட முடியாத சூட்டில் கீழே விழும். புகை வேண்டுமென்றால் மார்கழியில் விடியுமுன் மலையடிவார ஏரிக்கரைக்குப் போங்கள். ராத்திரி மேகமில்லாமல், காற்றில்லாமல் இருந்தால் ஆறரை மணிக்குத் தண்ணீர்மேல் ஆளின் இடுப்பளவுக்குப் பனி நிற்கும், வெயில் ஏறியதும் கலைந்துவிடும். எடுக்கும் நேரம்வரை லென்ஸைப் பையிலேயே வையுங்கள், வெட்டவெளியில் குளிர்ந்துவிட்டால் அதன்மேலும் பனி படிந்துவிடும்.